வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற டீமோடு பண்டிகை கொண்டாடுவது எப்படி?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு 14 பேர் டீமை நடத்தும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. அத்தனை பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை. 5 பேர் நம் திருநெல்வேலிச் சுற்றுவட்டாரம். மீதிப் பேர் சென்னை, பெங்களூரு, புனே, கொல்கத்தா, பாட்னா, ஒருவர் மட்டும் டொராண்டோ. "போன தீபாவளிக்கு வீடியோ கால் போட்டு வெளாட்டெல்லாம் வச்சேன்க்கா. பாதிப் பேரு கேமராவே போடல. மீதிப் பேரு எப்ப முடியும்னு உக்காந்திருந்தாங்க. கிறிஸ்மஸும் பொங்கலும் வருது. என்ன செஞ்சா நல்லாருக்கும்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் விக்கிரமசிங்கபுரம். 11 வருஷமாக வீட்டு மச்சில் உட்கார்ந்து, அமெரிக்கப் பல் மருத்துவர்களுக்கு இன்சூரன்ஸ் பில் போடும் டீமைப் பார்த்துக்கொள்கிறேன். இப்போது 22 பேர். அதில் நான் இன்றுவரை நேரில் பார்க்காத ஆட்களும் உண்டு. பண்டிகை விஷயத்தில் செய்யக்கூடாத தப்பையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கேமரா போடாதவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். 2020 தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை. கொரோனா காலம், ஒருத்தரும் எங்கும் போகவில்லை, பாவம் தனியாக இருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் 6 மணிக்கு ஒரு கால் போட்டேன். எல்லாரும் புதுத்துணியில் வர வேண்டும், ஹவுசி (நம்பர் சீட்டு விளையாட்டு) உண்டு, ஜெயித்தவருக்குப் பரிசு உண்டு. நம் ஊர்க்காரர்கள் விடியக்காலம் 4 மணிக்கே எழுந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள். 6 மணிக்குப் பாதி உறக்கத்தில் இருந்தார்கள். வடக்கே இருப்பவர்களுக்கோ அப்போதுதான் லட்சுமி பூஜை நேரம். லக்னோக்காரப் பெண் ஒரு கையில் விளக்குத் தட்டும் இன்னொரு கையில் போனுமாக நின்றாள். எங்கள் கயத்தாறுத் தம்பி மைக்கை அணைக்க மறந்துவிட்டான். வாசலில் இருந்து அவன் அம்மா, "ஏல, மாமா கெளம்புதாவ. வெளிய வந்து ஒரு வார்த்த பேசிட்டுப் போவியா மாட்டியா?" என்று போட்ட சத்தம் அத்தனை வீட்டிலும் கேட்டது. அவன் எழுந்து போகவில்லை. அவன் சீட்டில் இன்னும் ஒரே ஒரு நம்பர்தான் பாக்கி.

அந்த மாமா வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவராக இருந்திருப்பார். கொண்டாட்டம் என்று பெயர் வைத்து அவன் வீட்டுத் தீபாவளியில் ஒரு மணி நேரத்தை நான் பிடுங்கிக்கொண்டேன். அதோடு பண்டிகை நாளில் கால் போடும் பழக்கத்தை விட்டேன். இப்போதெல்லாம் அதற்கு முந்தின வாரமோ பிந்தின வாரமோ ஒரு வேலை நாளில், வேலை நேரத்துக்குள்தான். வேலை நேரத்துக்குள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். வேலை முடிந்த பிறகு கூப்பிட்டுக் கொண்டாடச் சொன்னால் சம்பளமில்லாத ஓவர்டைம் என்றுதான் நினைப்பார்கள், வாயால் சொல்ல மாட்டார்கள்.

பிறகு யோசித்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் ஒரு கூட்டத்தை வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்றாக்கும் வித்தை நம் பக்கத்துக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தெரியும். கோயில் கொடையைத்தான், அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கிற திருவிழாவைத்தான் சொல்கிறேன். தாராவியில் இருப்பவருக்கும், சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கும், ஊரில் ஒரு சுடலைமாடனோ இசக்கியம்மனோ முப்பிடாதியோ உண்டு. கொடை நடக்கிற விதத்தைக் கவனியுங்கள். தேதி முன்கூட்டியே முடிவாகும். பந்தக்கால் ஊன்றும் கால்நாட்டு நடந்துவிட்டால் பிறகு யாருக்காகவும் மாறாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிற தலைக்கட்டு வரி எல்லாருக்கும் ஒரே தொகை. வசதியுள்ளவர் வில்லுப்பாட்டுச் செலவையோ பந்தல் செலவையோ தனியாக ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் வரி மாறாது. வர முடியாதவர் வரியை அனுப்பிவிட்டால் போதும், அவரும் கொடையில் சேர்ந்தவர்தான். அவர் வீட்டுப் பங்குக்குத் தேங்காய், பழம், திருநீறு, மஞ்சணை எல்லாம் பொட்டலம் கட்டி, பம்பாய்க்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். "ஏன் வரல?" என்று ஏக்கமாகக் கேட்பார்களே தவிர வருகைப் பதிவு எடுக்க மாட்டார்கள். எல்லாம் முடிந்ததும் வரவு செலவை ஊர் கேட்க வாசிப்பார்கள்.

இதைத்தான் நான் டீமுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். தேதி ஜனவரியிலேயே முடிவு. யாருக்கும் கட்டாயம் இல்லை. வந்தாலும் வராவிட்டாலும் வீட்டுக்குப் பங்கு போய்ச் சேரும். செலவுக் கணக்கு எல்லாரும் பார்க்கிற மாதிரி குரூப்பில் போடப்படும். ஒரே ஒரு வித்தியாசம், வரி கம்பெனி கட்ட வேண்டும். ஊழியர்களிடம் பணம் பிரித்துக் கேக் வெட்டும் ஆபீஸ்களை எனக்குப் பிடிக்காது.

அடுத்தது, யாருக்கு எது பண்டிகை என்று கேட்பது. நீங்களாக ஊகிக்காதீர்கள். வருஷத் தொடக்கத்தில் ஒரு ஷீட்டைத் திறந்து, "எந்த 3 நாள் உங்களை யாரும் கூப்பிடக் கூடாது?" என்று ஒரே கேள்வி கேட்டேன். வந்த பதில்களைப் பார்த்து அசந்துபோனேன். கம்பெனி லீவு லிஸ்டில் இருக்கிற நாட்களை எழுதினவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. நம் பக்கத்து ஆட்கள் 4 பேர் பங்குனி உத்திரம் என்று எழுதியிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா உண்டு, எந்தக் காட்டுக்குள் இருந்தாலும் அன்றைக்குப் போய்ப் பொங்கலிட்டு வர வேண்டும், வருஷம் முழுக்கப் பார்க்காத சித்தப்பா பெரியப்பா மக்களையெல்லாம் பார்ப்பது அன்று ஒரு நாள்தான். திருநெல்வேலி டவுன்காரர் ஒருத்தர் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் எழுதியிருந்தார். நாசரேத்துப் பெண் டிசம்பர் 25-ஐ எழுதியதோடு, "31 ராத்திரி ஆராதனை, அசனப் பண்டிகை" என்றும் எழுதியிருந்தாள். ஊரே கோயில் வளாகத்தில் உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிடும் அசனத்தைப் பற்றிக் கொல்கத்தாக்காரர் அவளிடம் அரைமணி நேரம் விசாரித்தார். மேலப்பாளையத்துக்காரர் "நோன்புப் பெருநாள்" என்று எழுதி, பக்கத்தில் "பிறை தெரிஞ்சாதான் சொல்ல முடியும்" என்று சேர்த்திருந்தார். அதனால் அவருக்கு ஒரு தேதிக்குப் பதில் அடுத்தடுத்து இரண்டு நாளை ஒதுக்கி வைக்கிறோம்.

தேரோட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கலெக்டர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். பேப்பரில் பார்த்துவிட்டு நம் ஆட்கள் லீவு என்று நினைத்துவிடுவார்கள். அந்த அறிவிப்பின் கடைசியிலேயே, இது 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின் (வங்கிகளுக்கும் பொருந்தும் பொது விடுமுறைகளுக்கான சட்டம்) கீழ் வராது என்றும், ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்றும் போட்டிருக்கும். அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும்தான். தனியார் கம்பெனி லீவு கொடுத்தாக வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. சட்டப்படி கொடுத்தாக வேண்டியது வேறு: தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என 4 நாளும், பண்டிகைகளுக்காக 5 நாளும், மொத்தம் 9 நாள் சம்பளத்தோடு லீவு. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் மாற்று லீவு. வீட்டில் இருந்துதானே வேலை பார்க்கிறாய், இரண்டு மணி நேரம் லாகின் பண்ணிவிடு என்று கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த ஷீட்டால் எனக்குத் தெரியவந்த இன்னொன்று. நாம் "தீபாவளி" என்று ஒரே வார்த்தையாகச் சொல்வது எல்லாருக்கும் ஒரே நாள் இல்லை. நமக்கு சதுர்த்தசி விடியற்காலை, நரகாசுரன், எண்ணெய்க் குளியல், மத்தியானத்தோடு ஏறக்குறைய முடிந்தது. வடக்கே அமாவாசை ராத்திரிதான் முக்கியம். சில வருஷம் இரண்டும் ஒரே தேதியில் விழும், சில வருஷம் மறுநாள். கொல்கத்தாக்காரருக்கு அந்த அமாவாசை காளி பூஜை. அவருக்கு வருஷத்தின் பெரிய பண்டிகை துர்கா பூஜை, அது நம் நவராத்திரியோடு முடிந்திருக்கும். கேரளத்துப் பெண்ணுக்கு ஓணம்தான் எல்லாம், தீபாவளிக்கு அவள் லீவுகூடக் கேட்கவில்லை. பாட்னாக்காரருக்குத் தீபாவளியைவிடப் பெரியது சத் பூஜை. அது ஐப்பசி வளர்பிறை சஷ்டி. அன்று அவர் வீட்டார் ஆற்றில் இறங்கி அஸ்தமிக்கும் சூரியனைக் கும்பிடுவார்கள். அதே சஷ்டியில் அதே சாயங்காலம் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம். 2024-ல் இரண்டும் நவம்பர் 7. எங்கள் டீமில் அந்த பாட்னாக்காரரும் ஸ்ரீவைகுண்டத்துப் பெண்ணும்தான் ஒருத்தருக்கு ஒருத்தர் மாற்று ஆள். இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு கேட்டபோதுதான் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை அட்டவணை போட வேண்டும் என்று உறைத்தது. அன்றைக்கு அந்த இரண்டு பேர் வேலையையும் நானே பார்த்தேன். வேறு வழி?

இந்த "யார் வேலையைப் பார்ப்பது" என்பதுதான் பண்டிகைக் கொண்டாட்டத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம். நன்றி நவிலல் நாள் என்று நவம்பர் 4-ஆவது வியாழக்கிழமை அமெரிக்காவில் மூடுவார்கள், கிறிஸ்மஸுக்கு மூடுவார்கள், ஜூலை 4-க்கு மூடுவார்கள். நம் பண்டிகைக்கு அவர்கள் கடை திறந்தேதான் இருக்கும். சாதாரணமாக எல்லாரும் செய்வது, தீபாவளிக்குக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் பார்த்துக்கொள்ளட்டும், கிறிஸ்மஸுக்கும் பெருநாளுக்கும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. கேட்க அழகாக இருக்கிறது. 22 பேரில் 17 பேர் தீபாவளிக்குப் போய்விட்டால் மிச்சம் 5 பேர் தலையில் முழுச் சுமையும் விழும். ஆனால் கிறிஸ்மஸ் அன்று ஒரு பெண்ணின் வேலையை மீதி 21 பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். இரண்டு வருஷம் கழித்து மேலப்பாளையத்துக்காரர் ரொம்பப் பதமாக, "மேடம், தீவாளின்னா எங்களுக்குக் கூடுதல் வேலைன்னு எம் பிள்ளைங்க நெனச்சிட்டு இருக்கு" என்றார். நெற்றியில் அடித்த மாதிரி இருந்தது. இப்போது ஒரு மாதம் முன்னாலேயே கிளையன்ட்டுக்கு எழுதிவிடுகிறோம்: இந்த இரண்டு நாள் அவசர வேலை மட்டும்தான், மீதி மறுநாள். ஒருத்தர்கூட மறுத்ததில்லை. நாம்தான் கேட்காமல் இருந்திருக்கிறோம்.

கயத்தாறுத் தம்பியின் கதையைச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் முடியாது. அவன் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருஷா வருஷம் மாலை போடுகிறவன். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டி, வீடு வீடாகத் தர்மம் எடுத்து, வந்த காணிக்கையைக் கோயிலில் சேர்ப்பார்கள். விஜயதசமி ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம். 2022-ல் அவனுக்குக் காளி வேஷம். தாடியும், கழுத்து நிறைய மணிமாலையும், சிவப்பு வேட்டியுமாகக் கிளையன்ட்டோடு பேசும் வீடியோ காலில் வந்து உட்கார்ந்தான். எனக்குத் திக்கென்று இருந்தது. அந்தப் பக்கம் இருந்த கிளினிக் மேனேஜரம்மா, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கவலையாகக் கேட்டார். அவன் நிதானமாக, நான் காளியாக வேஷம் கட்டி யாசகம் எடுக்கப்போகிறேன், அந்தக் காசு எனக்கு இல்லை என்று விளக்கினான். அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வேஷம் கட்டிய படம் வேண்டும் என்றார். எட்டுக் கையும் சடைமுடியும் நாக்குமாக அவன் அனுப்பிய படம் இன்னும் அந்த கிளினிக்கின் சாப்பாட்டு அறைச் சுவரில் இருக்கிறதாம். நான் ஏற்பாடு பண்ணின எந்த விளையாட்டும் அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பக்கத்தில் வராது.

இனி பங்கு அனுப்புவது. நம் ஊரில் கட்டிக் கொடுத்த பெண்ணுக்குப் பொங்கப்படி கொடுப்போமே, அந்த மனசோடு செய்ய வேண்டிய வேலை இது. கரும்பும் பச்சரிசியும் பனங்கிழங்கும் அவள் ஊரில் கிடைக்காது என்றா கொண்டுபோகிறோம்? ஆன்லைனில் ஒரு கூப்பன் நம்பரை அனுப்புவது சுலபம்தான். எங்கள் ஆட்களில் சிலர் அதைப் பயன்படுத்தவே இல்லை, காலாவதி ஆகிவிட்டது. பெட்டி வந்தால் அப்படி மறக்க முடியாது.

பெட்டியில் நான் அடி வாங்கிய கதையும் இருக்கிறது. 2021 டிசம்பரில் எல்லாருக்கும் அரைக் கிலோ அல்வா வாங்கி, கடையில் கொடுத்த அட்டைப் பெட்டியோடு அப்படியே பழுப்புக் காகிதம் சுற்றிக் கூரியரில் போட்டேன். திருநெல்வேலி அல்வாவின் பெருமையே சம்பாக் கோதுமைப் பாலும் அதில் கக்குகிற நெய்யும்தான். அந்தப் பெருமை எங்களுக்கு எதிராக வேலை செய்தது. ஏதோ ஒரு கிடங்கில் பெட்டிகள் 6 நாள் தேங்கிக் கிடந்தன. நெய் ஊறி, முகவரி எழுதின காகிதம் கண்ணாடி மாதிரி ஆகி, எழுத்து கரைந்து, புனேக்குப் போக வேண்டியது எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. போய்ச் சேர்ந்த இடத்திலும் மேலே வைத்திருந்த வாழ்த்து அட்டை நெய்த் தோசை மாதிரி இருந்ததாம்.

இப்போது செய்கிற முறை இது. அல்வாவைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, அதை ஒரு கனமான பாலிதீன் உறையில் கட்டி, அதற்கு மேல்தான் அட்டைப் பெட்டி. வாரம் பத்து நாள் கெடாது. கூரியரில் திங்கட்கிழமை காலையில் போடுவேன், ஞாயிற்றுக்கிழமை இடையில் வராமல் பார்த்துக்கொள்வதற்கு. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிற இருட்டுக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், அவர்கள் சாயங்காலம்தான் திறப்பார்கள், கூட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஒருத்தருக்கு வாங்கலாம், 14 பேருக்கு வாங்குவது வேறு கதை. ஜங்ஷன் பக்கமோ பாளையிலோ பழக்கமான கடையில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் நெய் கொஞ்சம் மட்டாக விட்டுத் தருவார்கள். அல்வாவோடு கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வைத்துவிடுங்கள். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, வடக்கே இருப்பவர்களிடம் அதைச் சொன்னால் ஒரு மரியாதையோடு சாப்பிடுவார்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளம் கட்டாயம். இரண்டு கனமான அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினாலும் பாதி உடைந்துதான் போகும், பொரித்த பிறகு யார் கேட்கப் போகிறார்கள்? சர்க்கரை உள்ளவர்களை முன்னாலேயே விசாரித்து அவர்களுக்கு முறுக்கு, சேவு. கிறிஸ்மஸ் பெட்டி என்றால் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சேரும். பனங்கிழங்கு மட்டும் வெளியூருக்கு வேண்டாம், போய்ச் சேருவதற்குள் பூத்துவிடும்.

பெட்டியை ஊழியர் பெயரில் போடாமல் அவர் அம்மா பெயரிலோ மனைவி பெயரிலோ கணவர் பெயரிலோ போட்டுப் பாருங்கள். நான் தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. பெங்களூரில் விடுதியில் இருக்கும் பையனுக்கு அனுப்பினால் அறைத் தோழர்கள் ராத்திரியே முடித்துவிடுவார்கள் என்று, சங்கரன்கோவிலில் இருக்கிற அவன் அம்மா பெயருக்கு அனுப்பினேன். மறுநாள் எனக்குப் போன். "தாயி, எம் மவன் கம்பெனின்னு சொல்லுதானே, அது நெசமாவே இருக்கா?" என்று சிரித்தார். மூன்று வருஷமாக மகன் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு யாரிடமோ ஆங்கிலத்தில் பேசுவதைத்தான் லீவில் பார்த்திருக்கிறார். பெட்டி வந்த பிறகுதான் அந்த வேலைக்கு ஒரு முகவரி கிடைத்தது அவருக்கு.

பெட்டிக்குப் பதில் ஒரு தடவை மட்டும் பணமாகக் கொடுத்தோம். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி கரை மீறி, ரோடும் ரயிலும் போனும் கரண்டும் போய், ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் தீவாகக் கிடந்தது. எங்கள் கிறிஸ்மஸ் கால் அந்த வெள்ளிக்கிழமை என்று முன்பே குறித்தாயிற்று. வியாழக்கிழமை வரை எங்கள் ஆட்கள் 3 பேரிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. புனேயில் இருந்து ஒரு பையன், "அவங்க லீவா?" என்று குரூப்பில் கேட்டான். அவன் மேல் தப்பில்லை, அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலில் விளையாட்டு எதுவும் இல்லை. யாருக்கு யாரைத் தெரியும், எந்தப் பாலத்தில் போகலாம், யார் வீட்டு மாடியில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் பேசினோம். ராத்திரி 9 மணிக்கு ஏரல் பெண்ணிடம் இருந்து "உயிரோட இருக்கோம்க்கா, சார்ஜ் 4 சதவீதம்" என்று ஒரு வரி வந்தது. எல்லாப் பெட்டிக் காசையும் அந்த 3 வீட்டுக்கு அனுப்பினோம். முதலில் எழுதினது அந்தப் புனேப் பையன்தான், "என் பெட்டியும் அவங்களுக்கு" என்று. நம் பக்கம் ஐப்பசி முதல் மார்கழி வரை மழைக்காலம். அந்த மாதங்களில் குறிக்கிற தேதிக்கு மாற்றுத் தேதி ஒன்று கையில் இருக்கட்டும்.

வீடியோ காலில் என்ன செய்வது என்றுதான் முக்கியமாகக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் சொல்ல அதிகம் இல்லை. 40 நிமிஷம் போதும். ஜூமில் இலவசக் கணக்கு வைத்திருந்தால் அதுவே 40 நிமிஷத்தில் துண்டித்துவிடும், அதை நான் வரமாகத்தான் பார்க்கிறேன். போட்டி வேண்டாம், உடை விதி வேண்டாம். ஒரு தடவைக்கு ஒரு ஆள் தன் வீட்டுப் பண்டிகையில் ஒரே ஒரு காரியத்தைக் காட்டட்டும். முன்னீர்பள்ளத்துப் பெண் தன் மகள் சிறுவீட்டுப் பொங்கலுக்கு (சிறுமிகள் வைக்கும் பொங்கல்) செய்து காயவைத்திருந்த பூ எருவைக் காட்டினாள். மார்கழி முழுக்கக் கோலத்தில் சாணிப் பிள்ளையார் வைத்துச் செருகின பூசணிப்பூ, அதைத் தட்டிக் காயவைத்தது. "இதை என்ன செய்வீர்கள்?" என்று லக்னோக்காரி கேட்க, ஆற்றில் விடுவோம் என்று அந்தக் குழந்தை சொல்ல, ஆறு எங்கே இருக்கிறது, எவ்வளவு தண்ணீர், முதலை உண்டா என்று பேச்சு எங்கெங்கோ போனது. கிறிஸ்தவர்களின் தவக்காலமான லெந்து காலத்தில் கேக் விருந்து, ரமலான் மாதத்தில் மத்தியானச் சாப்பாட்டு விருந்து இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். சீட்டுக் குலுக்கிக் கிறிஸ்மஸ் தாத்தாவாகப் பரிசு அனுப்புவது என்றால் 300 ரூபாய் என்று உச்சவரம்பு போடுங்கள். போடாத வருஷம் ஒருத்தருக்குப் புளூடூத் ஹெட்போனும் ஒருத்தருக்குச் சாவிக்கொத்தும் வந்து, ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு இருந்தார்கள்.

உள்ளூரில் இருக்கிற 5 பேரும் நேரில் சந்தித்துக்கொள்வது தனி. அதை டீம் கொண்டாட்டம் என்று படம் போட்டு மற்றவர்களை ஏங்க வைக்காதீர்கள். எல்லாரும் ஒன்றாகக் கூட வேண்டும் என்றால் டிசம்பர் வேண்டாம், டிக்கெட் கிடைக்காது. குற்றாலத்தில் சாரல் விழுகிற ஜூன் கடைசி, ஜூலையில் கூட்டுங்கள். ஆனித் தேரும் ஏறக்குறைய அதே சமயம் வரும்.

பண விஷயத்தில் ஒரு வார்த்தை. போனஸ் கொடுக்க வேண்டியவர்களுக்கு முதலில் அதைக் கொடுத்துவிட்டுப் பெட்டியைப் பற்றி யோசியுங்கள். பெட்டி போனஸுக்கு ஈடாகாது. பொருளாகக் கொடுக்கும் பரிசுக்கு ஒரு வரம்பு வரை வரி கிடையாது, பணமாகக் கொடுத்தால் சம்பளத்தோடு சேரும். இந்த வருஷ வரம்பை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டொராண்டோக்காரரை மறக்கவில்லை. அவருக்கு அல்வா வேண்டாம். பால், நெய் சேர்ந்த பண்டம் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளக்கூடும். பத்தமடைப் பாய் ஒன்று அனுப்புங்கள். கல்யாணப் பாயில் பெயர் நெய்வது போல அவர் பெயரையும் நெய்து தருவார்களா என்று நெசவாளர்களிடம் இப்போதே கேட்டுவைத்தால் பொங்கலுக்குள் கைக்கு வந்துவிடும். அதோடு, பண்டிகை நாளில் கால் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இவர் ஒருத்தர் விதிவிலக்கு. தை முதல் தேதி காலை 6 மணிக்கு நீங்கள் வாசலில் பானை வைக்கும்போது அங்கே முந்தின நாள் சாயங்காலம் 7.30. வேலை முடிந்து வீட்டில் சும்மா இருப்பார். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், அவரோடு பேசக்கூட வேண்டாம். எங்கள் டீமில் டெக்ஸாஸில் இருந்த பையனுக்குப் போன வருஷம் அப்படி வைத்தேன். பால் பொங்கி என் மாமியார் குலவை போட்டபோது போனுக்குள் இருந்தும் ஒரு குலவைச் சத்தம் வந்தது. அவன் குரலும் இல்லை, அவன் மனைவி குரலும் இல்லை. ஊரில் இருந்து பேறுகாலம் பார்க்கப் போயிருந்த அவன் அத்தையாம்.